புளிப்பு உப்பை எடுக்கும், சோடா எண்ணெயை எடுக்கும்: வீட்டிலேயே கழுவுகரைசல் செய்யும் முறை

எதையும் கரைக்கவோ காய்ச்சவோ தொடங்குமுன் ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்குங்கள். அடுப்பு மேடையில், மிக்ஸி நிற்பதால் கண்ணில் படாத மூலையாகப் பார்த்து, ஒரு சொட்டுச் சாறு விடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் சாய்வாக நின்று பாருங்கள். அந்த இடம் மட்டும் பளபளப்பு போய், காசு அளவுக்கு வெளிறிய வட்டம் தெரிந்தால் உங்கள் மேடை கடப்பாக் கல்லோ பளிங்கோதான். இரண்டும் சுண்ணாம்புச் சத்துள்ள கற்கள். புளிப்பு பட்டால் கல்லே கரையும். வட்டம் விழவில்லை என்றால் பெரும்பாலும் கிரானைட்.

தரைக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள். கோட்டா கல், மொசைக், சிவப்பு ஆக்சைடு தரை, ஆத்தங்குடி ஓடு எல்லாவற்றிலும் சுண்ணாம்புக் கல்லோ சிமெண்டோ இருக்கிறது. வினிகர், எலுமிச்சை, பழத்தோல் கரைசல் எதுவும் அங்கே ஆகாது. "இயற்கையானதுதானே" என்று வினிகர் ஊற்றித் துடைத்து, ஆறே மாதத்தில் மொசைக்கின் மினுமினுப்பைத் தொலைத்த வீடுகள் ஏராளம். போன பளபளப்பை மறுபடி பாலிஷ் போட்டுத்தான் மீட்க முடியும்.

வீட்டு அழுக்கில் பெரும்பகுதி இரண்டே வகை. போர்த் தண்ணீர் விட்டுப்போகும் வெள்ளை உப்பு ஒன்று, சமையல் விட்டுப்போகும் எண்ணெய்ப் பிசுக்கு இன்னொன்று. உப்புக்குப் புளிப்பு வேண்டும், எண்ணெய்க்குச் சோடா வேண்டும். வீட்டில் செய்த கரைசல் வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேர் இதை மாற்றிச் செய்தவர்கள். குழாயின் வெள்ளைக் கறையில் ஆப்ப சோடாவைத் தேய்த்தால் கை வலிப்பதுதான் மிச்சம்.

வாங்கி வைக்க வேண்டியவை

மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்றோ லெமன் சால்ட் என்றோ கேட்டால் சிட்ரிக் அமிலம் கொடுப்பார்கள். கால் கிலோ வாங்கினால் பல மாதம் வரும். வினிகரைவிடச் சிக்கனம், வாடையும் இல்லை. ஆப்ப சோடா எல்லார் வீட்டிலும் இருக்கும். சலவை சோடா அது அல்ல. துணி சோடா, வாஷிங் சோடா என்றும் சொல்வார்கள். இரண்டும் வெள்ளைப் பொடி, பெயரிலும் சோடா. ஆனால் சலவை சோடா பல மடங்கு கடுமையான காரம், வாய்க்குப் போகக்கூடாது. வாங்கி வந்த அன்றே வேறு டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி, சமையல் அலமாரியை விட்டு வெளியே வையுங்கள். பூந்திக்கொட்டையும் சீயக்காயும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். தேய்ப்பதற்குத் தேங்காய் நார், முற்றிக் காய்ந்த பீர்க்கங்காய்க் கூடு, பழைய பல்துலக்கி, பழைய பருத்தி வேட்டித் துண்டுகள் போதும். இவற்றோடு ஒரு ஜோடி ரப்பர் கையுறை, தண்ணீரில் அழியாத பேனா.

உப்புக்கறை

ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் எலுமிச்சை உப்பு. இதுதான் அடிப்படைக் கரைசல். தெளிப்பு பாட்டிலில் ஊற்றி வைத்தால் சில வாரம் தாங்கும். மேலே பூஞ்சை மிதந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

குழாயின் கழுத்தில் படிந்த உப்பின்மேல் இதைத் தெளித்தால் வழிந்து கீழே போய்விடும். தெளித்தவுடன் துடைப்பதால்தான் பலருக்குப் பலன் கிடைப்பதில்லை. புளிப்பு கறையோடு ஒட்டி இருக்க வேண்டும். துணித் துண்டைக் கரைசலில் நனைத்துக் குழாயின் கழுத்தில் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். காதைப் பக்கத்தில் வைத்தால் சன்னமாகச் சுரசுரவென்று சத்தம் கேட்கும். உப்பு கரையும்போது வாயு பிரிகிறது. அரை மணியில் எடுத்துப் பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, கட்டாயம் உலரத் துடைக்க வேண்டும். கறை கெட்டியாக இருந்தால் மறுநாள் இன்னொரு முறை செய்யுங்கள். ஒரேயடியாக ராத்திரி முழுக்கக் கட்டி வைக்காதீர்கள், குழாயின் குரோம் பூச்சு மங்கிவிடும்.

ஷவரைக் கழற்ற முடிந்தால் கழற்றிக் கரைசலில் ஊறவையுங்கள். முடியாவிட்டால் கரைசல் நிரப்பிய பிளாஸ்டிக் பையை அதன்மேல் மாட்டிக் கட்டலாம். வெந்நீர் போடும் ஹீட்டர் ராடில் ஏறிய உப்பை ஆணியால் சுரண்டும் பழக்கம் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, உப்பு பிடித்த பகுதி மட்டும் மூழ்கும்படி வெந்நீரில் கரைத்த எலுமிச்சை உப்பில் இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்தால் ஓடு ஓடாகக் கழன்று விழும். கரைசலில் இருக்கும்போது கரண்ட் போடக் கூடாது. கழுவி நன்றாக உலர்ந்த பிறகே உபயோகம். கெட்டிலுக்கு ஒரு லிட்டருக்கு 20 கிராம் போட்டுக் கொதிக்கவைத்து, அரை மணி விட்டுக் கொட்டி, வெறும் தண்ணீரை இரண்டு முறை கொதிக்கவைத்துக் கொட்டினால் போதும்.

பாத்ரூம் டைல்ஸுக்கு இதையே தெளிக்கலாம். ஆனால் டைல்ஸ் இடுக்கில் இருப்பது சிமெண்ட். முதலில் சுவரை வெறும் தண்ணீரால் நனையுங்கள். இடுக்கு தண்ணீரைக் குடித்துவிட்டால் புளிப்பை அவ்வளவாக உறிஞ்சாது. பத்து நிமிடத்துக்குமேல் விடாமல் கழுவுங்கள்.

குடிநீரில் கடினத்தன்மை, அதாவது இப்படிப் படியும் உப்பின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். போர்த் தண்ணீர் இதைத் தாண்டும் இடங்கள் நம்மிடம் நிறைய. அப்படிப்பட்ட இடத்தில் உப்பு படிந்தபின் எடுப்பதைவிடப் படியாமல் தடுப்பதுதான் மலிவு. குளித்து முடித்ததும் ஒரு துணியால் குழாயையும் கண்ணாடியையும் துடைத்துவிட்டு வருவது ஒரு நிமிட வேலை. தண்ணீர் காய்ந்தால்தானே உப்பு நிற்கும்!

எண்ணெய்ப் பிசுக்கு

அடுப்புக்குப் பின்சுவர், எக்ஸாஸ்ட் ஃபேன், மசாலா டப்பா வைத்த அலமாரியின் மேல்தட்டு ஆகிய இடங்களில் படிவது வெறும் எண்ணெய் அல்ல. சூட்டிலும் காற்றிலும் இறுகிப் பிசின் மாதிரி ஆன எண்ணெய். அதைச் சோப்பு அசைக்காது.

ஒரு லிட்டர் நல்ல சூடான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடா. கையுறை போட்டுக்கொண்டு, துணியை நனைத்துப் பிழிந்து பிசுக்கின்மேல் ஒட்டிவிடுங்கள். பத்து நிமிடம் ஊறியபின் தேங்காய் நாரால் தேய்த்தால் பழுப்பாகக் கரைந்து வரும். பிறகு வெறும் தண்ணீரால் இரண்டு தடவை துடையுங்கள். இதைத் தவிர்த்தால் காய்ந்ததும் வெள்ளைப் பூச்சு தெரியும். தண்ணீர் ஆறிவிட்டால் வேலை பாதியாகக் குறையும், அதனால் ஒரு லிட்டருக்குமேல் ஒரே நேரத்தில் கரைக்காதீர்கள்.

அலுமினியத்தில் சலவை சோடா படக்கூடாது. இட்லிப் பானை, பழைய சட்டி, சில அடுப்புகளின் பர்னர், சில எக்ஸாஸ்ட் ஃபேன்களின் இறக்கை எல்லாம் அலுமினியம். சோடா பட்டால் கறுத்துவிடும். அவற்றுக்குப் பாத்திர சோப்பும் வெந்நீருமே சரி. பட்டு, கம்பளித் துணிக்கும் சோடா ஆகாது. பெயிண்ட் அடித்த சுவரில் முதலில் ஒரு மூலையில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

அந்தக் காலத்தில் விறகுச் சாம்பலால் பாத்திரம் துலக்கியதற்குக் காரணமும் இதே காரம்தான். சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது, சலவை சோடாவின் சித்தப்பா மகன் என்று வைத்துக்கொள்ளலாம். இன்றும் விறகு எரிப்பவர்கள் சாம்பலைச் சலித்து வைத்துக்கொண்டால் எவர்சில்வருக்குத் தனிப் பொடி தேவையில்லை. நான்ஸ்டிக்கில் மட்டும் போடாதீர்கள்.

ஆப்ப சோடா மென்மையானது. பிசுக்கை எடுக்காது, ஆனால் மெல்லத் தேய்க்கும், வாடையை இழுக்கும். டீக் கறை பிடித்த டம்ளர், ஃபிரிட்ஜ் உள்பக்கம், மீன் கழுவிய தொட்டி ஆகியவற்றுக்கு ஈரத்துணியில் ஒரு சிட்டிகை தொட்டுத் துடைத்தால் போதும்.

வினிகரையும் ஆப்ப சோடாவையும் சேர்த்து நுரை பொங்கவைக்கும் வீடியோக்களை நம்பாதீர்கள். நுரை என்பது இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டும் அடையாளம். மிஞ்சுவது உப்புக்கரைசல் போன்ற தண்ணீர்; உப்புக்கறையும் போகாது, எண்ணெயும் போகாது. அதை மூடிபோட்ட பாட்டிலில் ஊற்றி வைத்தால் வாயு அழுத்தி மூடி தெறிக்கும். புளிப்போடு சோப்பைக் கலப்பதும் வீண். சோப்பு பால் திரிந்தாற்போல் திரிந்து, வழுவழு கட்டியாக மிதக்கும்.

உயிருக்கு ஆபத்தான கலவைகள்

ப்ளீச்சிங் பவுடரோ திரவ ப்ளீச்சோ எந்தப் புளிப்போடும் சேரக்கூடாது. எலுமிச்சை உப்பு, வினிகர், பழத்தோல் கரைசல், எல்லாவற்றுக்கும் மேலாகக் கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட். சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். நம் வீடுகளில் இது நடப்பது ஒரே இடத்தில்: காலையில் ஒருவர் ப்ளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டுப் போவார், மதியம் இன்னொருவர் தெரியாமல் ஆசிட் ஊற்றுவார். ஜன்னல் கையகலம், கதவு சாத்தியிருக்கும். அம்மோனியா உள்ள கண்ணாடித் துடைப்பான்களோடும் ஸ்பிரிட்டோடும் ப்ளீச் சேர்ந்தாலும் நச்சுப் பொருள்தான் உண்டாகும்.

மூக்கு எரிந்து இருமல் வந்தால் எதையும் எடுக்கக் குனியாமல் உடனே வெளியே வந்துவிடுங்கள். வெளியிலிருந்து திறக்கக்கூடிய கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வாடை முழுக்கப் போகும்வரை உள்ளே யாரும் போகக்கூடாது. மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்கள். கண்ணில் எந்தக் கரைசல் தெறித்தாலும் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் இமையை விரித்துக் கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

இன்னொன்றைக் கெஞ்சியே கேட்டுக்கொள்ள வேண்டும்: கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ எந்தக் கரைசலையும் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்குப் பாட்டிலின் வடிவம்தான் தெரியும், நீங்கள் ஒட்டிய சீட்டு தெரியாது.

வீட்டில் செய்யும் எதுவும் கிருமிநாசினி ஆகாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சாதாரண நாளில் அழுக்கு போனாலே போதும், கிருமியும் அதோடு பெருமளவு போய்விடும். வீட்டில் யாருக்காவது வாந்திபேதி என்றால் பழத்தோல் கரைசலை ஓரம்கட்டிவிட்டுத் திரவ ப்ளீச்சை எடுங்கள். அசுத்தத்தை முதலில் அள்ளிக் கழுவிவிட்டு, 5 சதவீத ப்ளீச் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 4 சதவீதம் என்றால் 25 மில்லி கலந்து, பத்து நிமிடம் ஈரமாக விட்டுத் துடையுங்கள். அன்றன்றைக்குக் கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

சென்னைப் பாரிமுனை மாதிரிக் கெமிக்கல் கடைத் தெருக்களில் கிடைக்கும் ஆசிட் ஸ்லரியும் காஸ்டிக் சோடாவும் (இரண்டும் தோலைப் பொசுக்கும் ரசாயனங்கள்) வாங்கி வந்து சோப் ஆயில் காய்ச்சலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பயிற்சியும் காற்றோட்டமான கூடமும் உள்ள மகளிர் குழுக்கள் செய்யட்டும். அடுக்களையில், குழந்தை நடமாடும் இடத்தில், வேண்டவே வேண்டாம்.

பூந்திக்கொட்டைக் கரைசல்

புளிப்புக்கும் சோடாவுக்கும் நடுவில் நிற்பது பூந்திக்கொட்டை. அதன் தோலில் உள்ள சப்போனின் நுரை தரும், அழுக்கைத் தூக்கும். உப்புத் தண்ணீரில் சோப்புத் திரிந்து வெள்ளை ஆடையாகப் படிவதுபோல இது படியாது. பட்டுப்புடவைக்கும் தங்க நகைக்கும் இதைத்தான் காலங்காலமாக உபயோகிக்கிறோம்.

கொட்டையைத் தட்டி விதையை எறிந்துவிடுங்கள். விதையில் நுரை இல்லை. 100 கிராம் தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் சிறு தீயில் 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள். பெரிய பாத்திரமாக வையுங்கள், பொங்கி அடுப்பை நனைக்கும். ஆறியதும் கையால் நன்றாகப் பிசைந்து, துணியில் வடிகட்டுங்கள். அதே சக்கையில் அரை லிட்டர் ஊற்றி இன்னொரு முறை காய்ச்சலாம்.

இது சீக்கிரம் கெடும். வெளியே வைத்தால் வெயில் காலத்தில் மூன்று நாளில் புளித்த வாடை வரும். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். ஐஸ் டிரேயில் ஊற்றிக் கட்டியாக்கிக்கொண்டால் வேண்டும்போது இரண்டு கட்டியை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். பாத்திரம் துலக்க அப்படியே தொட்டுக்கொள்ளலாம், எண்ணெய் அதிகமென்றால் கொஞ்சம் சீயக்காய்த் தூள் சேரட்டும். வாளித் தண்ணீரில் 100 மில்லி ஊற்றித் தரை துடைக்கலாம். நுரை குறைவாகத்தான் வரும்; கடைத் திரவம்போல் நுரைக்கவில்லையே என்று மேலும் மேலும் ஊற்றாதீர்கள், தரை பிசுபிசுக்கும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். மீன் தொட்டி, குளம் பக்கம் கொட்டக் கூடாது, மீன்களுக்கு அது நஞ்சு.

பித்தளை, வெள்ளி

எலுமிச்சையளவு பழைய புளியை 100 மில்லி தண்ணீரில் கால் மணி ஊறவைத்து, ஒரு தேக்கரண்டி கல்லுப்பு சேர்த்துப் பிசைந்துகொள்ளுங்கள். குத்துவிளக்காக இருந்தால் புளி போடுமுன் எண்ணெயை எடுக்க வேண்டும். காய்ந்த அரப்புத் தூளோ கடலை மாவோ தூவி ஒற்றி, சூடான சீயக்காய்த் தண்ணீரில் கழுவுங்கள். எண்ணெய்மேல் புளி ஏறாது, திட்டுத்திட்டாக நிற்கும். பிறகு புளியைப் பூசி இரண்டு நிமிடம் தேய்த்து உடனே கழுவுங்கள். கழுவிய ஈரத்தை அப்படியே காயவிட்டால் மறுநாள் காலை கறுப்புப் புள்ளி தெரியும். துணியால் துடைத்து, திருநீறு தொட்டு உலர்ந்த துணியால் ஒரு தடவை மெருகு கொடுங்கள்.

புளியில் மணிக்கணக்கில் ஊறவைத்த பித்தளை செம்புபோல் சிவப்பது பலருக்குப் புரிவதில்லை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். புளிப்பு நெடுநேரம் நின்றால் மேலுள்ள துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் தெரியும். ஈயம் பூசிய பாத்திரமாக இருந்தால் புளி வெளிப்புறம் மட்டுமே. உள்ளே தேய்த்தால் பூச்சு போய்விடும்.

கறுத்த வெள்ளிக்குத் தேய்ப்பே தேவையில்லை. கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளைப் பரப்பி, வெள்ளி அதைத் தொடும்படி வைத்து, ஒரு லிட்டர் கொதிநீரில் ஆப்ப சோடா, உப்பு இரண்டும் ஒவ்வொரு மேசைக்கரண்டி கரைத்து ஊற்றுங்கள். அழுகிய முட்டை வாடை லேசாக வரும். வெள்ளியைப் பிடித்திருந்த கந்தகம் அலுமினியத்துக்கு மாறுகிறது. ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கழுவித் துடைக்கலாம். கல் பதித்த நகை, கறுப்பு வேலைப்பாடு உள்ள ஆன்டிக் நகை இதில் போகக்கூடாது.

பழத்தோல் கரைசலும் பக்கத்து வீடுகளும்

பயோ என்சைம் என்று பேசப்படும் கரைசல் இது. தாய்லாந்தைச் சேர்ந்த ரோசுகோன் பூம்பன்வோங் பரப்பியது. அளவு: வெல்லம் 1, பழத்தோல் 3, தண்ணீர் 10, எல்லாம் எடைக் கணக்கு. 90 நாள் புளிக்க வேண்டும். என்சைம் என்ற பெயருக்கு மயங்க வேண்டாம். இதன் வேலையில் பெரும்பங்கு புளிக்கும்போது உண்டாகும் அமிலத்துடையது. அதனால் மேலே புளிப்புக்குச் சொன்ன தடைகள் அத்தனையும் இதற்கும் உண்டு. ஆனாலும் வாஷ்பேசின், கழிப்பறை, டைல்ஸ் தரைக்கு நல்ல பொருள். குப்பைக்குப் போகும் தோலுக்கு ஒரு வழி, நல்ல வாசனை.

ஒரு வீட்டுக்கு: இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர், 100 கிராம் வெல்லம், 300 கிராம் தோல். ஆனால் 300 கிராம் சாத்துக்குடித் தோல் சேர்ப்பதற்குள் முதல் தோல் பூஞ்சை பிடித்துவிடும். சிறு குடும்பத்தில் இந்த முயற்சி பாதியில் நிற்பது இங்கேதான். நான்கு வீடு சேர்ந்தால் ஒரே வாரத்தில் தோல் சேரும். இந்த வேலையைத் தனியாகச் செய்யச் சொல்லாததற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம், புது ஊருக்கு, புது ஃப்ளாட்டுக்கு வந்தவர்களுக்கு ஆள் பழகவே வழியில்லாமல் இருப்பது.

கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வு, தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நட்புக்குச் சுமார் 50 மணி நேரம், நட்பு என்று சொல்ல 90, நெருக்கத்துக்கு 200-க்கு மேல் சேர்ந்து கழிய வேண்டும் என்கிறது. பள்ளியில் இந்த மணிக்கணக்கு தானாகவே கிடைத்தது. முப்பது நாற்பது வயதில் லிஃப்டில் சிரிக்கும் பத்து விநாடியை வைத்து 50 மணி சேர்க்க முடியாது. நேரில் போய் "நாம் நண்பர்களாக இருப்போமா" என்று கேட்கவும் நம் ஊரில் வழக்கமில்லை. தோல் கேட்கலாம்.

"அக்கா, சாத்துக்குடி, ஆரஞ்சு சாப்பிட்டா தோலைத் தூக்கிப் போடாம ஒரு கவர்ல போட்டு ஃப்ரீசர்ல வைங்களேன். ஞாயித்துக்கிழமை நான் வந்து வாங்கிக்கிறேன். தரை தொடைக்க ஒண்ணு பண்றோம், உங்களுக்கும் ஒரு பாட்டில் தர்றேன்." இவ்வளவுதான் கேட்க வேண்டியது. பொருள் என்ன, நாள் எது, திரும்பி என்ன வரும் மூன்றும் அதில் இருக்கிறது. "எப்பவாவது வீட்டுக்கு வாங்க" என்பதற்கு இந்த மூன்றும் இல்லாததால்தான் யாரும் வருவதில்லை. முதலில் மூன்று நான்கு வீடு போதும். பத்து வீடானால் அது கூட்டம், பேச்சு வராது.

நான்கு வீட்டுக்கு ஒரு கிலோ வெல்லம், மூன்று கிலோ தோல், பத்து லிட்டர் தண்ணீர். 20 லிட்டர் டிரம் எடுங்கள். மேலே மிஞ்சும் காலி இடம் வாயுவுக்கு. குடிநீர்க் கேன் வேண்டாம், கழுத்து குறுகல், ஊறி உப்பிய தோலை வெளியே எடுக்க முடியாது. வாய் அகன்ற, திருகு மூடியுள்ள டிரம் வேண்டும். கண்ணாடி ஜாடி கூடாது, வாயு அழுத்தத்தில் வெடிக்கலாம். அடுக்ககம் என்றால் டிரம் வைக்கும் இடத்துக்கு அசோசியேஷனில் முன்பே சொல்லிவிடுங்கள். வெயில் படாத, காற்றாடும் மாடிப்படி அடி நல்ல இடம்.

தோல் என்றால் எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சு, நார்த்தை, அன்னாசி. போதவில்லை என்றால் தெருமுனை ஜூஸ் கடையில் கேளுங்கள், மாலையில் கூடை கூடையாகக் கொட்டுவார்கள். வெங்காயம், பூண்டு, சமைத்த உணவு, எண்ணெய் பட்டது எதுவும் சேரக்கூடாது. வெல்லம் கறுப்பாக, அழுக்காக இருந்தாலே நல்லது. வெளுப்பதற்காக மருந்து போட்ட மஞ்சள் வெல்லத்தில் புளிப்பு மெதுவாகத்தான் ஏறும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எல்லாரும் கத்தியும் பலகையும் கொண்டு வரட்டும். தோலைக் கழுவி விரலகலத் துண்டாக நறுக்குங்கள். வெல்லத்தைத் தண்ணீரில் முழுக்கக் கரைத்தபின் தோலைப் போட்டுக் கிளறி மூடுங்கள். மூடியின்மேல் தேதியை எழுதிவிடுங்கள். மூன்று கிலோ நறுக்க நாலு பேருக்கு ஒரு மணி நேரம் ஆகும். கை வேலையில் இருக்கும், கண் பலகையில் இருக்கும். முகம் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிறவர்கள்கூட அப்போது பேசுவார்கள்.

இரண்டு மூன்று நாளில் குமிழி கிளம்பும். முதல் மாதம் முழுக்கத் தினமும் ஒருமுறை மூடியை மெல்லத் திருகி வாயுவை விட வேண்டும். சோடா பாட்டில் திறந்தாற்போல் உஸ்ஸென்று வரும், இனிப்பும் புளிப்புமாக ஒரு வாடை அடிக்கும். மிதக்கும் தோலைக் கரண்டியால் அமுக்கிவிட்டு இறுக மூடுங்கள். இரண்டாம் மாதம் முதல் வாரம் ஒருமுறை போதும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் 90 நாளுக்குமேல் பிடிக்கும்.

மேலே வெள்ளை ஆடை படிந்தால் பயமில்லை, கிளறிவிடலாம். கறுப்போ பச்சையோ பூஞ்சை வந்தால் அதை அள்ளி எறிந்துவிட்டு 100 கிராம் வெல்லம் கரைத்து ஊற்றி ஒரு மாதம் கூட்டி வையுங்கள். புழு வந்தால் மூடி சரியாக இறுகவில்லை, ஈ உள்ளே போயிருக்கிறது. சாக்கடை வாடை அடித்தால் வெல்லம் குறைந்திருக்கும் அல்லது சமைத்த ஏதோ கலந்திருக்கும்; அந்த டிரம்மைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதே நல்லது.

மூடி திறக்கும் முறையை வாரத்துக்கு ஒரு வீடு என்று வையுங்கள். ஆனால் ஒருவராகப் போய்த் திறந்துவிட்டு வந்தால் நட்புக் கணக்கில் ஒன்றும் சேராது. இரண்டிரண்டு பேராக, டீ டம்ளரோடு போங்கள். தினம் பத்து நிமிடம் என்றால் முதல் மாதத்தில் ஐந்து மணி நேரம்தான் ஆகிறது. அதனால் ஞாயிறு சந்திப்பை விடாதீர்கள். அடுத்த ஞாயிறு பூந்திக்கொட்டை காய்ச்சலாம், அதற்கடுத்தது எல்லார் வீட்டுப் பித்தளையையும் ஓரிடத்தில் போட்டுத் துலக்கலாம். 12 ஞாயிறு, இரண்டிரண்டு மணி நேரம் என்றால் 24 மணி. டிரம் வடிகட்டும் நாளில் மொத்தம் 30 பக்கம் வந்திருக்கும். இரண்டாவது டிரம் போட்டால் 50 தாண்டும்.

இந்தக் கூட்டு முயற்சி கெடுவதற்கும் வழக்கமான காரணங்கள் உண்டு. எல்லா வேலையும் தொடங்கியவர் தலையில் விழும். அதனால் முதல் நாளே டிரம்மின் பக்கத்தில் முறைச்சீட்டை ஒட்டுங்கள். வெல்லக் காசை அன்றே நாலாகப் பிரித்துவிடுங்கள், சிறு தொகைதான், பிறகு கேட்கக் கூச்சம் வரும். யார் எவ்வளவு தோல் கொடுத்தார்கள் என்று கணக்குப் பார்க்காமல் சமமாகப் பங்கிடுங்கள். படியிறங்க முடியாத பெரியவருக்கு அவர் வீட்டிலேயே நறுக்கும் வேலை கொடுங்கள். ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லிப் பாட்டிலை மட்டும் கொடுத்தால் அவர் அடுத்த முறை ஒதுங்கிக்கொள்வார். நடுவில் வீடு மாறிப் போகிறவருக்கும் ஒரு பங்கு எடுத்து வையுங்கள், அதைக் கொடுக்கவாவது ஒருமுறை புது வீட்டுக்குப் போகலாம். விற்கலாமே என்று யாராவது தொடங்கினால் முதல் டிரம் முடியும்வரை அந்தப் பேச்சை நிறுத்தி வையுங்கள்.

தொண்ணூறாம் நாள் வேட்டித் துணியில் வடிகட்டினால் ஏறத்தாழ பத்து லிட்டர் பழுப்புத் திரவம் கிடைக்கும், வீட்டுக்கு இரண்டரை லிட்டர். டைல்ஸ் தரைக்கு ஐந்து லிட்டர் தண்ணீரில் 50 மில்லி. வாஷ்பேசினுக்கு ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர். கழிப்பறைக்கு இரவு 150 மில்லி அப்படியே ஊற்றிக் காலையில் பிரஷ் போடுங்கள், அன்று ப்ளீச் பக்கம் போகாதீர்கள். வாரம் ஒருமுறை சிங்க் ஓட்டையில் 100 மில்லி ஊற்றினால் வாடை குறையும். முடி அடைத்த குழாயைத் திறக்காது. பாட்டில் மூடியை முதல் வாரம் இறுக்காதீர்கள், மிச்ச வாயு இருக்கும். வடிகட்டிய சக்கையில் பாதியை அரைத்துத் தேங்காய் நாரில் தொட்டுக் கழிப்பறைப் பீங்கான் தேய்க்கலாம். மீதியை டிரம்மிலேயே விட்டுவிட்டு அதன்மேல் அடுத்த மூன்று கிலோவைப் போடுங்கள். பழைய சக்கை மோர் உறைபோல வேலை செய்து, புதுத் தோல் முதல் முறையைவிட வேகமாகக் குமிழி விடும்.